பூஜையில் வைத்த மூடி

என் மார்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டியைப் பற்றிய ரிப்போர்ட் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை வாங்க வைத்து, ஆஸ்பத்திரி முழுக்க ஒயர் இழுத்து, புரோகிராம் எழுதி ஓட விட்டவள் நான்தான். இருந்தும் ஆயுதபூஜை அன்று காலை எனக்கே அது வாயைத் திறக்கவில்லை.

இது தொண்ணூற்று நாலில். தாம்பரத்தில், ரயில்வே லைனுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. ‘சிஸ்டம்ஸ் மேடம்’ என்பார்கள். பெயர்தான் பெரிசு. எனக்குக் கீழே ஒருத்தரும் கிடையாது, மேலே எல்லோரும் உண்டு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கட்டி இருப்பது குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. எங்கள் சர்ஜனிடமே காட்டி, ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டேன். ஆபீஸில் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். எதிரில் வருகிறவர்களெல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டு, ‘எப்படி இருக்கீங்க மேடம்’ என்று இழுப்பார்கள்; எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்மிஷனில்கூட சுந்தரவல்லி என்ற முழுப்பெயரைக் கொடுக்காமல் எஸ். வல்லி என்றுதான் பதிந்தேன். சர்ஜனைத் தவிர விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டியைப் பரிசோதிக்கும் டாக்டர் ஞானஜோதி. இன்னொருவர் என் கணவர் லக்ஷ்மிநாராயணன்.

அந்த மனுஷர் அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான் பாடினார். “ஒண்ணும் இருக்காது வல்லி.” காபி டம்ளரை நீட்டும்போது ஒண்ணும் இருக்காது. செருப்பை மாட்டும்போது ஒண்ணும் இருக்காது. குரோம்பேட்டையில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருப்பவருக்கு மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டியது எப்படி முன்னாடியே தெரிந்தது என்று கேட்டால், சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. உங்களுக்குக் கவலையே கிடையாதா, நான் இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்றுதானா என்று ஒரு நாள் சண்டையே போட்டேன். அதற்கும் சிரித்தார். எழுந்து போய் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்தார்.

டாக்டர் ஞானஜோதி நாகர்கோவில்காரர். ஆயுதபூஜை, விஜயதசமி, அதை ஒட்டிச் சனி ஞாயிறு என்று லீவு சேர்ந்து வந்ததால் பூஜைக்கு முந்தின நாளே ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் உன்னைத் தவிக்க விட மாட்டேன் வல்லி. இன்னைக்கு ரயிலுக்குப் போறதுக்கு முன்னால ஸ்லைடைப் பாத்து ஏத்திட்டுத்தான் போவேன்” என்றார். ஏற்றுவது என்றால் லேபில் இருக்கும் கம்ப்யூட்டரில் டைப் செய்வது. முன்னெல்லாம் ரிப்போர்ட்டைத் தாளில் எழுதி ஆள் கையில் கொடுத்து அனுப்புவார்கள், அது பாதி வழியில் எங்கேயோ நின்று டீ குடித்துவிட்டு வரும். அந்தத் தாள் வழக்கத்தை ஒழித்துக் கட்டியது நான். இனி சர்ஜனே ஆனாலும் ஸ்கிரீனில்தான் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது லேபைத் தாண்டித்தான் போனேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். இரண்டு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய் பஸ்ஸைப் பிடித்துச் செம்பாக்கத்தில் வந்து விழுந்தேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. விடியும்போது, தெரியாமல் தவிப்பதைவிடத் தெரிந்துகொண்டு அழுவதே மேல் என்று ஆகிவிட்டது.

என் கணவர் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு உனக்கு லீவாச்சே?”

“ரிப்போர்ட் பாக்கப் போறேன்.”

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். அங்கேயும் வந்து ஒண்ணும் இருக்காதுன்னு ஆரம்பிச்சேள்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.”

அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, “சரி. பாத்ததும் மாமி ஆத்துக்குப் போன் பண்ணிடு” என்றார். எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி வீட்டு நம்பர்தான் எங்களுக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் பூஜை முடிந்திருந்தது. ஹாலில் பெரிய சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலைகளைப் போட்டு, கத்தரிக்கோல், ஸ்டெதாஸ்கோப், பி.பி. பார்க்கிற கருவி, சமையல்கட்டுக் கரண்டி, ஆம்புலன்ஸ் சாவி என்று குவித்து வைத்திருந்தார்கள். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் வேதாசலம் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து ஆள் ஆளுக்குப் பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் ரிசப்ஷனுக்குப் போய், அங்கே இருந்த கம்ப்யூட்டரைப் போட்டேன்.

சர்வரைக் காணோம் என்று ஸ்கிரீனில் வந்தது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். காணோம். மருந்துக் கவுண்டரில் இருந்ததைப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் காணோம். லேபுக்குப் போனேன். டாக்டர் ஞானஜோதி முந்தின நாள் உட்கார்ந்து டைப் செய்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கீபோர்டைத் தட்டினேன். அதுவும் கையை விரித்துவிட்டது.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் எல்லாம் ஒரே பெட்டியில்தான் இருக்கும். அதுதான் சர்வர். ரெக்கார்ட் ரூமில் கண்ணாடித் தடுப்புக்குள் ஏ.சி. போட்டு உட்கார வைத்திருந்தோம். அதற்கு எல்லாம் தெரியும், ஆனால் தானாக எதையும் எடுத்துக் காட்டத் தெரியாது. ரிசப்ஷனிலும் லேபிலும் இருக்கிற மற்றப் பெட்டிகளுக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் அழகாகக் கேட்கத் தெரியும். இவை கேட்கும், அது எடுத்துக் கொடுக்கும், இவை ஸ்கிரீனில் காட்டும். இந்தக் கேள்வி பதில் அத்தனையும் ஒரே ஒரு கறுப்பு ஒயரில் ஓடியாக வேண்டும். அந்த ஒயர் ரிசப்ஷனில் ஆரம்பித்து, மருந்துக் கவுண்டர், லேப் என்று ஒவ்வொரு பெட்டியின் முதுகையும் தொட்டுக்கொண்டு போய் சர்வருக்குப் பின்னால் முடியும். அது அறுந்தால் எல்லோரும் ஊமை.

ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மேஜைக்கடியில் தவழ்ந்தேன். பட்டுப்புடவை வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தேன், பண்டிகை நாளாயிற்றே என்று. ஒயர் எங்கேயும் அறுந்திருக்கவில்லை. எலியும் கடித்திருக்கவில்லை. கடைசியில் ரெக்கார்ட் ரூமுக்கு வந்தேன்.

சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடித் தடுப்பில் யாரோ சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் தொங்க விட்டிருந்தார்கள். அதன் ஸ்கிரீனில் ஓடுகிறதெல்லாம் அதனுடைய சொந்தக் க்ஷேமலாபம்தான். இப்போது என்னோடு பேசுகிறவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் ரிப்போர்ட் ஒரு கை தூரத்தில் இருந்தது. தட்டி, உதைத்து, கெஞ்சினாலும் அது வெளியில் கொடுக்காது. அப்படிக் கொடுக்காத மாதிரி அமைத்தவளும் நான்தான்.

பின்பக்கம் போய்க் குனிந்தேன். ஒயரின் கடைசி முனை மொட்டையாக நின்றது.

ஒயரின் இரண்டு முனைகளிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளிப் பித்தான் போல மூடி இருக்கும். டெர்மினேட்டர் என்போம். பார்த்தால் தூசி போகாமல் இருக்கப் போட்ட மூடி போலத்தான் இருக்கும். அது இல்லாவிட்டால், ஒயரில் போகிற பேச்சு முனையில் முட்டித் திரும்பி வந்துவிடும். கிணற்றுக்குள் நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினால் எப்படி இருக்கும், அப்படி ஆகிவிடும். யாருக்கும் யார் பேசுவதும் புரியாது.

“யார் இங்கே கை வச்சது?” என்று நான் போட்ட சத்தத்தில், வெளியே துடைப்பத்தோடு நின்ற செல்லம்மா ஓடி வந்தாள். இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருப்பவள். இரும்புலியூரில் வீடு.

“இன்னாமா, இன்னா ஆச்சி?”

“இதுல ஒரு மூடி இருந்ததே, எங்கே?”

“அதுவா? நான்தாம்மா கழட்டனேன். நேத்து நீயும் லேபு டாக்டரும் போனப்பறம் ரூமெல்லாம் தொடச்சிகினு இருந்தேன். வெள்ளி மாறி கீது, கருத்துப் போய் கெடக்குதேன்னு விபூதி போட்டுத் தேச்சேன். பளபளன்னு ஆயிடுச்சி. மிஷினு சார்புல ஒரு சாமான் வெக்கணுமேன்னு வேதாசலம் சார் கேட்டாரு. சரின்னு அத்தையே பூஜைல வச்சிட்டேன்.”

“தொடாதேன்னு இவ்ளோ பெரிசா எழுதி ஒட்டியிருக்கேனே செல்லம்மா!”

“பொட்டிய தொடாதேன்னுதானே சொன்னே? நான் பொட்டிய தொடவே இல்லியே. அது வெளில தொங்கிகினு இருந்திச்சி.”

அவள் சொன்னது நியாயம்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இன்னொரு மூடி ஸ்டாக்கில் இருக்க வேண்டும் என்று வேதாசலத்திடம் நாலு தடவை எழுதிக் கேட்டவள் நான். ‘ஒயருக்கு ரெண்டு முனைதானே மேடம், ரெண்டு மூடி போதும்’ என்று நாலு தடவையும் திருப்பி அனுப்பியவர் அவர். வெளியே போய் வாங்கலாம் என்றால் அன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

ஹாலுக்கு ஓடினேன். இருந்தது. சரஸ்வதியின் காலடியில், ஒரு வெற்றிலையின் மேல், குங்குமம் வைத்துக்கொண்டு, அரளிப்பூ ஒன்றைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குனிந்து கையை நீட்டினேன்.

“மேடம், மேடம்! இன்னா பண்றீங்க?” வேதாசலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “பூஜையில வச்சத எடுக்கறீங்களே! நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அதுதான் தொல்லை. சின்ன வயசில் சரஸ்வதி பூஜை அன்று வழியில் கிடக்கிற துண்டுக் காகிதத்தைக்கூடப் படித்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்தவள் நான். அவர் அதட்டியதால் மட்டும் என் கை நிற்கவில்லை. இன்றைக்கு, இந்த ரிப்போர்ட்டைப் பார்க்க, அவள் காலடியிலிருந்து ஒரு சாமானைப் பிடுங்கிக்கொண்டு போனால், அதற்காகவே அதில் கெட்டதாக எழுதியிருந்துவிட்டால்? டாக்டர் நேற்றே டைப் செய்து முடித்தாகிவிட்டது, இனிமேல் அதில் ஒரு எழுத்துக்கூட மாறாது என்று எனக்குத் தெரியாதா என்ன. பயம் அதையெல்லாம் கேட்குமா?

“அவசரம் சார்” என்றேன்.

“இன்னைக்கு எல்லாம் சீட்டுல எழுதிக்கினு இருக்காங்க. ஒரு வேலையும் நிக்கல. பொரி வாங்கிக்கினு வீட்டுக்குப் போங்க மேடம். நாளைக்கு ஒம்போது மணிக்கு நானே எடுத்துக் குடுக்கறேன். அதுக்குள்ள யாரு உசுரு போவப் போவுது?”

எப்போதும் சொல்கிற பேச்சுத்தான். வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது குத்தலாகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு உண்மைதான் வாயில் வந்தது. “என் உசிர்தான் சார்” என்றேன். “மார்ல கட்டி எடுத்திருக்கு. கேன்சரா இல்லையான்னு டாக்டர் நேத்து எழுதிட்டுப் போயிட்டாங்க. அது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. இந்த மூடி இல்லாம என்னால பாக்க முடியாது. நாளைக்கு வரைக்கும் என்னால முடியாது சார்.”

ஹாலில் நான் பயந்த மாதிரி யாரும் தலையைச் சாய்க்கவில்லை. வேதாசலம் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

“மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?” என்றார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக மேடம் போய் அம்மா ஆகியிருந்தது. “மறுபூஜைன்னா இன்னா, கற்பூரம் காட்டி வடக்கால நகத்தறதுதானே. அத்த இப்பவே பண்ணிட்டாப் போச்சு. செல்லம்மா, கற்பூரம் எடு.”

அவரே இலைக்கு முன்னால் மண்டியிட்டார். கற்பூரத்தை ஏற்றி அந்த மூடிக்கு மட்டும் தனியாக ஒரு சுற்றுக் காட்டினார். அரளிப்பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தார். பிறகு அதை வெற்றிலையோடு வடக்குப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தி, “தாயே, வேலைக்குப் போவுது” என்றார். அப்படியும் எனக்குக் கை வரவில்லை. செல்லம்மாதான் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி அழுத்தினாள்.

“போம்மா. ஒண்ணும் இருக்காது” என்றாள். இதையே என் கணவர் சொன்னபோது எரிந்து விழுந்தவள் நான். இவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

ரெக்கார்ட் ரூமில் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். உள்ளே விபூதி அடைத்திருந்தது. ஊதினேன், தட்டினேன், ஹேர்பின் நுனியால் சுரண்டினேன், திரும்ப ஊதினேன். முனையில் வைத்து அழுத்தித் திருகினேன். க்ளிக் என்று உட்கார்ந்தது. சர்வரின் ஸ்கிரீனில் ஒன்று என்று வந்தது. லேபில் நான் அணைக்காமல் விட்டு வந்த கம்ப்யூட்டர் அது. அப்புறம் இரண்டு, மூன்று. எல்லாம் ஒவ்வொன்றாகக் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை, அதற்குள் என்ன அழுகை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

லேபுக்குப் போய் உட்கார்ந்தேன். செல்லம்மா பின்னாலேயே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வேதாசலம் கதவுக்கு வெளியே, ஆம்பிளை உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் நம்பரைத் தட்டினேன். பெயர் வந்தது. வயது வந்தது. எந்த மார்பு, எந்தத் தேதி, எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், எல்லாம் வரிவரியாக வந்தன. முடிவை மட்டும் காணோம். முடிவு அடுத்த பக்கத்தில். ஒரு மனுஷிக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு வரி, அதை இரண்டாம் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளிய புண்ணியவதி யாரென்று பார்த்தால், அதுவும் நான்தான்.

அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சின்ன வயசுப் பழக்கம். திறந்தேன்.

சாதாரணக் கட்டி. புற்றுநோய் இல்லை. மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை.

திரும்பப் படித்தேன். இங்கிலீஷில் இருந்ததை மனசுக்குள் தமிழாக்கிப் படித்தேன். பெயர் எஸ். வல்லிதானா என்று முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். கீழே ‘குறிப்பு’ என்று நான் விட்டிருந்த காலி இடத்தில், டாக்டர் ஞானஜோதி இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழில் அடித்திருந்தார்: ‘வல்லி, போய் நல்லாத் தூங்கு.’ நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த ராத்திரி முழுக்க இந்த வரி இங்கேயே எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

“இன்னாம்மா போட்டுகீது?” செல்லம்மா நாற்காலியை உலுக்கினாள்.

“இல்லையாம் செல்லம்மா. கெட்டது இல்லையாம்.”

“அய்ய, சொல்லு மொதல்ல! வவுத்துல புளிய கரச்சிட்டியே!” என்று என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஃபினாயில் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையுமாக இருந்தது. நான் நன்றாக அழுதேன். வெளியே வேதாசலம் பலமாகத் தொண்டையைச் செருமிவிட்டு, லீவு முடிந்ததும் மூடி ஆறு வாங்கிப்போடுகிறேன் என்றோ என்னவோ சொல்லிக்கொண்டே நடந்து போனார். உடம்பு அப்படியே காற்றாகிவிட்ட மாதிரி இருந்தது. பசித்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் பசித்தது. ஒரு பொட்டலம் பொரியை அங்கேயே பிரித்து, நின்றபடி முழுசாகத் தின்று தீர்த்தேன்.

பிறகு ரிசப்ஷன் போனிலிருந்து மாமி வீட்டுக்குப் போட்டேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். எடுத்தது மாமி இல்லை.

“நான்தான்” என்றார் என் கணவர்.

“நீங்க அங்கேயா இருக்கேள்?”

“நீ கிளம்பினதுலேருந்து இங்கேதான் உக்காந்திருக்கேன். சொல்லு.”

“ஒண்ணும் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். ரிசீவர் எதன் மேலோ விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாமி எடுத்தாள். பதறிப் போயிருந்தாள்.

“என்னடி சொன்னே அவன்ட்ட? போனைப் போட்டுட்டு என் கூடத்துல உக்காந்துண்டு இப்படி அழறானே! காலம்பறலேருந்து காபி குடுத்தாக்கூட வேண்டாம்னுட்டான்!”

“நல்ல சேதிதான் மாமி” என்றேன். “விட்டுடுங்கோ, அழட்டும்.”